டப்பாக் கடலையில ஃபலாஃபெலா? ஆளை விடுங்க சாமி!

வேகவைத்த கொண்டைக்கடலையில் ஃபலாஃபெல் செய்ய முடியாது. திரும்பவும் சொல்றேன், முடியாது. உருண்டையா ஏதோ ஒண்ணு வரும், அதைப் படம் புடிச்சுப் போடலாம், வீட்டுல இருக்கிற ரங்கமணியோ தங்கமணியோ பாவம்னு சாப்பிடவும் செய்வாங்க. ஆனா அது ஃபலாஃபெல் இல்லை.

இதை ஒரு பதிவா எழுத வேண்டிய நிலைமை வந்ததே கொடுமைதான். எங்க திரும்பினாலும் "ஈசியா ஃபலாஃபெல்", "பத்தே நிமிஷத்துல ஃபலாஃபெல்". உள்ள போய்ப் பார்த்தா எல்லாம் ஒரே கதை. டப்பாவைத் திற, தண்ணியை வடி, மிக்ஸியில போட்டு மாவாட்டம் அரை, உருட்ட வரலையா, மைதா ரெண்டு கரண்டி போடு, அப்பவும் வரலையா, முட்டை ஒண்ணு உடைச்சு ஊத்து, அப்பவும் ஒட்டுதா, பிரெட் தூள்ல புரட்டு. நல்லாப் பாருங்க மக்களே, இதுக்கு நம்ம ஊர்ல ஏற்கனவே ஒரு பேர் இருக்கு. கட்லெட். கட்லெட் நல்ல பலகாரம்தான், எனக்கும் அதுக்கும் எந்தப் பங்காளிச் சண்டையும் கிடையாது. ஆனா கட்லெட்டை கட்லெட்னு சொல்லி வித்தா என்ன குறைஞ்சா போயிடும்?

வெள்ளைக்காரன் இப்படிச் செஞ்சா கூட மன்னிச்சு விடலாம். அவனுக்கு ஊறவெச்சு அரைக்கிற பழக்கம் கிடையாது. நமக்கு என்ன கேடு? கடலைப்பருப்பைக் குக்கர்ல நாலு விசில் விட்டு எடுத்து, அதை அரைச்சு மசால் வடை தட்டுங்கன்னு உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லிப் பாருங்க. கரண்டி பறக்கும். பருப்பை ஊறப் போடணும், தண்ணியை ஒட்ட வடிக்கணும், கொரகொரன்னு அரைக்கணும், அங்கங்க முழுப் பருப்பு தட்டுப்படணும், தண்ணி விட்டா வடை எண்ணெய் குடிக்கும். இத்தனையும் அத்துப்படியா இருக்கிற ஒரு கூட்டம், பேரு அரபியில இருக்குன்னதும் எல்லாத்தையும் மறந்துட்டு டப்பா ஓப்பனரைத் தேடுது பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை.

ஃபலாஃபெலும் அதே வேலைதான். கடலை வேகக் கூடாது. ஊறணும், அவ்வளவுதான்.

ஏன்னு கேக்கறவங்களுக்கு: ஊறின பச்சைக் கடலைக்குள்ள மாவுச்சத்து இன்னும் வேகாம அப்படியே இருக்கு. அரைச்சு உருட்டி சூடான எண்ணெயில போட்டதும், கடலை குடிச்சு வெச்சிருக்கிற அந்தத் தண்ணியிலேயே அது வெந்து, பசை மாதிரி ஆகி, பக்கத்துத் துணுக்கைப் புடிச்சுக்கும். உருண்டை உடையாம நிக்கிறது இதனாலதான். வெளியே மொறுமொறு, உள்ள ஈரமா, ஆனா களி மாதிரி இல்லாம உதிரியா வர்றதும் இதனாலதான். வேகவெச்ச கடலையில இந்த வேலை குக்கர்லயே முடிஞ்சுபோச்சு. பசை ஏற்கனவே உருவாகி, ஆறி, கூடவே ஏகப்பட்ட தண்ணியையும் உறிஞ்சி உக்காந்திருக்கு. எண்ணெயில போட்டா உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே முட்டும், புடிச்சு நிறுத்த ஆள் கிடையாது, உருண்டை சட்டியில கரைஞ்சு போகும். அதைத் தடுக்கத்தான் மைதா. மைதா போட்டதும் உள்ளே பிசுபிசுன்னு ஆகும். அந்தப் பிசுபிசுப்பைச் சாப்பிட்டுட்டு "எனக்கு ஃபலாஃபெல் பிடிக்கலைங்க, வாயில ஒட்டுது"ன்னு ஒரு பின்னூட்டம் வேற.

"நேரமில்லைங்க"ன்னு ஒரு வாதம் வரும். ராத்திரி படுக்கப் போகும்போது கடலையைத் தண்ணியில கொட்டிட்டுப் போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம்? நீங்க குறட்டை விடும்போது அது பாட்டுக்கு ஊறுது. அதுல உங்க உழைப்பு எங்கேர்ந்து வந்துச்சு? டப்பாக் கடலை விலை வேற ஜாஸ்தி. காசையும் கூடக் குடுத்து, கெட்டுப்போன பலகாரத்தையும் வாங்கறதுக்குப் பேரு வசதியா?

சரி, திட்டினது போதும், செய்முறைக்கு வர்றேன். இல்லைன்னா "குறை சொல்றவன் செஞ்சு காட்டு"ன்னு வரிஞ்சு கட்டிட்டு வருவீங்க.

வெள்ளைக் கொண்டைக்கடலை கால் கிலோ. ஒரு லிட்டர் தண்ணியில, குறைஞ்சது 12 மணி நேரம், 18 மணி நேரம் ஆனாலும் தப்பில்லை. வெயில் காலமா இருந்தா நடுவுல ஒரு தடவை தண்ணி மாத்துங்க, இல்லைன்னா ஃபிரிட்ஜில வெச்சிருங்க, புளிச்சுப் போயிடும். கடலை எடையில ரெண்டு மடங்கு ஆகியிருக்கும். ஒண்ணை எடுத்து நகத்தால அழுத்தினா ரெண்டாப் பிளக்கணும், நடுவுல வெள்ளையா கல்லு மாதிரி இருக்கக் கூடாது. வடிகட்டி, ஒரு துணியில பரப்பி, ஈரத்தை ஒத்தி எடுங்க. இந்த ஒத்தி எடுக்கிறதை நிறைய பேர் சாய்ஸ்ல விடறாங்க. விடாதீங்க.

ஒரு நடுத்தர வெங்காயம், அஞ்சு பல் பூண்டு, கொத்தமல்லித்தழை ஒரு கட்டு, பார்ஸ்லி ஒரு கட்டு. பார்ஸ்லி கிடைக்காத ஊரா, கொத்தமல்லியையே ரெட்டிப்பாக்குங்க, ஒண்ணும் குடி முழுகிடாது. ஆனா தழையில மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பிட்டுப் பார்த்தா உள்ளே பச்சையா இருக்கணும். சீரகம் ரெண்டு டீஸ்பூன், தனியா ரெண்டு டீஸ்பூன், ரெண்டையும் வறுத்து அப்பவே பொடிச்சது. மிளகுத்தூள் அரை, உப்பு ஒண்ணரை. கரம் மசாலா கிடையாது. சோம்பு கிடையாது. கறிவேப்பிலை கிடையாதுங்க! அதெல்லாம் போட்டா நல்லா இருக்குமான்னா ரொம்ப நல்லா இருக்கும், அதுக்குப் பேரு கொண்டைக்கடலை வடை.

மிக்ஸியில கொஞ்சம் கொஞ்சமா, விட்டு விட்டு ஓட்டுங்க. ஒரு சொட்டுத் தண்ணி கூடாது. தொடர்ந்து ஓட விட்டா அடியில விழுதாகி மேல முழுசா நிக்கும், அதனால நடுநடுவே கிளறி விடணும். ரவையை விடக் கொஞ்சம் பெரிசா இருக்கிற பக்குவம். ஒரு பிடி எடுத்து இறுக்கினா நிக்கணும். நிக்கலையா? மைதா டப்பா பக்கம் கை போகக் கூடாது, இன்னும் ரெண்டு சுத்து அரைங்க. உடையற மாவுக்கு மருந்து அரைக்கிறதுதான்.

மூடி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில. எண்ணெய் காயும்போது அரை டீஸ்பூன் சமையல் சோடாவைத் தூவிக் கலந்துக்குங்க. முன்னாடியே போட்டு வெச்சா பலன் போயிடும். எலுமிச்சை அளவுக்குக் கொஞ்சம் சின்னதா உருட்டி லேசாத் தட்டிக்குங்க. பெரிய உருண்டை போட்டா மேல கருகும், உள்ள பச்சை வாடை அடிக்கும். எண்ணெய் 175 டிகிரி. வெப்பமானி இல்லைன்னா ஒரு துளி மாவைப் போடுங்க. அடிக்குப் போய் உடனே நுரையோட எழும்பி வரணும். மூணு நாலு நிமிஷம், நல்ல செம்பழுப்பு. போட்டதும் கரண்டியை வெச்சுக் கிண்டாதீங்க, அது ஓடு கட்டறதுக்கு அரை நிமிஷம் குடுங்க. 25 உருண்டைக்குக் குறையாம வரும்.

இவ்வளவுதான். இதுல எது கஷ்டம், சொல்லுங்க பார்ப்போம்.

இப்ப "நீ என்னய்யா பெரிய ஆச்சார சீலன், ஊருக்கு ஊர் மாறுறதுதானே சாப்பாடு"ன்னு கேக்கப் போறவங்களுக்கு. மாறட்டும், யாரு வேணாம்னா? இந்தப் பலகாரம் மாதிரி ஊருக்கு ஊர் மாறின இன்னொண்ணைக் காட்டுறது கஷ்டம். எகிப்துல கொண்டைக்கடலையே கிடையாது. தோல் நீக்கி உடைச்ச காய்ந்த ஃபாவா பருப்புலதான் செய்வாங்க, கெய்ரோவுல அதுக்குப் பேரே தாமியா. அலெக்சாண்டிரியாவுல ஃபலாஃபெல்னு சொல்லுவாங்க. தழை நிறையப் போட்டு, தட்டையாத் தட்டி, மேல எள்ளு தூவிப் பொரிப்பாங்க. இறைச்சியும் பாலும் தொடாத கோப்டிக் கிறிஸ்தவர்களோட நோன்பு நாட்கள்ல இதுதான் கை கொடுக்கும். லெபனான்ல கொண்டைக்கடலையும் ஃபாவாவும் கலந்து செய்யறது உண்டு. பாலஸ்தீனத்துல வெங்காயமும் சுமாக் பொடியும் உள்ள வெச்சு அடைச்சு ஒரு வகை. சிரியாவுலயும் ஈராக்லயும் நம்ம மெதுவடை மாதிரி நடுவுல ஓட்டை போட்டதைப் பார்க்கலாம். பாக்தாத்துல அதை சமூன் ரொட்டிக்குள்ள வெச்சு மேல "அம்பா" ஊத்துவாங்க. அம்பான்னா மாங்காய் ஊறுகாய்க் குழம்பு மாதிரி ஒண்ணு. மராத்தியில மாம்பழத்துக்கு என்ன பேரோ அதேதான். பம்பாயோட வியாபாரம் பண்ணிக்கிட்டிருந்த பாக்தாத் யூதர்கள் வழியா அங்க போனது.

பருப்பு மாறுது, வடிவம் மாறுது, மேல ஊத்துறது மாறுது, பேரே மாறுது. ஆனா இத்தனை ஊர்லயும் மாறாத ஒண்ணு இருக்கு: பருப்பை வேகவைக்காம ஊறவெச்சு அரைக்கிறது. இருக்கிற சொற்பப் பருப்பை, விறகைச் செலவழிச்சு மணிக்கணக்கா வேக வைக்காம, ஊறவெச்சுப் பொரிச்சு வயித்தை ரொப்புற ஏழை ஜனங்களோட மூளை அது. வளைகுடாவுல வேலை பார்த்த நம்ம ஆட்களைக் கேளுங்க, மாசக் கடைசியில குப்பூஸுக்குள்ள நாலு ஃபலாஃபெலை நசுக்கி வெச்சுச் சாப்பிட்டு ஷிஃப்டுக்குப் போன கதையைச் சொல்லுவாங்க. நீங்க எடுத்துட்டுப் போனது மத்த எல்லாத்தையும், விட்டுட்டுப் போனது அந்த மூளையை.

அடுப்புல சுடறவங்க, ஏர் ஃபிரையர்காரங்க எல்லாம் ஒரு ஓரமா நில்லுங்க, உங்களுக்கும் இருக்கு. ஊறவெச்ச கடலையில செஞ்சு, எண்ணெய் தாராளமாத் தடவி, ஏர் ஃபிரையர்ல வெச்சா ஓரளவு ஒப்பேத்தலாம். டாக்டர் எண்ணெய் கூடாதுன்னு சொன்னவங்க செய்யுங்க, நான் குறுக்க வரலை. ஆனா மூச்சுக்கு மூச்சு "ஒரிஜினல் மாதிரியே இருக்கு"ன்னு சொல்லாதீங்க. இல்லை. வறண்டு போயிருக்கும், தொட்டுக்க நிறைய வேணும். பீட்ரூட் ஃபலாஃபெல், ஓட்ஸ் ஃபலாஃபெல், பனீர் ஃபலாஃபெல் போடறவங்களுக்குச் சொல்ல என்கிட்ட வார்த்தை இல்லை, அவ்வ்வ்வ்.

தொட்டுக்கறதுன்னதும் மயோனைஸ் ஞாபகம் வருது பாருங்க. சைவ சாப்பாடா ஒருத்தன் ஆயிரம் யோசிச்சு ஒண்ணைக் கண்டுபிடிச்சா, அதுமேல முட்டைச் சாந்தைப் பூசுறது என்ன நியாயம்? தமிழ்நாட்டு அரசே 2025 ஏப்ரல்ல பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டது, அப்பவாவது திருந்துவாங்கன்னு பார்த்தா முட்டையில்லாத மயோனைஸ்னு ஆரம்பிச்சுட்டாங்க. ஃபலாஃபெலுக்குத் தொட்டுக்க எள்ளுதான். தோல் நீக்கின வெள்ளை எள்ளை லேசா, நிறம் மாறாம வறுத்து, மிக்ஸியில எண்ணெய் விட்டு வழவழன்னு ஆகிற வரைக்கும் அரைச்சா அதுதான் தஹினி. அதுல பூண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு ஊத்துங்க. ஊத்தினதும் அது இறுகிக் கட்டியாகும், பயந்து கீழே கொட்டிடாதீங்க. குளிர்ந்த தண்ணி கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கலக்கினா வெள்ளை வெளேர்னு தோசை மாவு மாதிரி இளகி வரும். கூட தக்காளி, ஊறுகாய் போட்ட முள்ளங்கி, புதினா. தீர்ந்தது.

இந்தப் பேர் விஷயத்துக்குத் திரும்ப வர்றேன். "என்ன பேர் வெச்சா என்ன, ருசிதானே முக்கியம்"னு சொல்றவங்க, இந்த ஒரு உருண்டைக்காக நடந்த சண்டைகளைக் கொஞ்சம் பார்க்கணும்.

2001-ல மெக்டொனால்ட்ஸ் எகிப்துல மெக்ஃபலாஃபெல்னு ஒண்ணு இறக்கினாங்க. தெருமுனையில கிடைக்கிற ஏழை வீட்டுக் காலைச் சாப்பாட்டை எடுத்து, பன்னுக்குள்ள வெச்சு வித்தாங்க. விளம்பரப் பாட்டு பாட ஷாபான் அப்துல் ரஹீமைப் புடிச்சாங்க. துணி தேய்க்கிற தொழில்லேர்ந்து பாட்டுக்கு வந்த மனுஷன், எகிப்து சாமானியர்களோட செல்லப் பாடகர், 2019-ல காலமாகிட்டார். இதுல கூத்து என்னன்னா, அவரு அதுக்கு முந்தின வருஷம்தான் இஸ்ரேலை வெறுக்கிறேன்னு ஒரு பாட்டுப் பாடி அரபு உலகம் பூரா பிரபலமாகியிருந்தார். அமெரிக்க யூத அமைப்பு ஒண்ணு ஆட்சேபம் பண்ண, கம்பெனி விளம்பரத்தை நிறுத்திடுச்சு. ஜனங்களோட சாப்பாடு வேணும், ஜனங்களோட பாடகர் வேணும், ஆனா ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு மட்டும் தெரியக் கூடாது!

அப்புறம் 2008-ல லெபனான் தொழிலதிபர்கள் சங்கம், ஹம்மஸ், ஃபலாஃபெல், தபூலே எல்லாம் எங்க சாப்பாடு, இஸ்ரேல் தன்னோடதுன்னு விக்குது, வழக்குப் போடுவோம்னு கிளம்பினாங்க. கிரேக்கத்துக்காரன் ஃபெட்டா பாலாடைக்கட்டிப் பேருக்கு ஐரோப்பாவுல 2002-ல பாதுகாப்பு வாங்கினான், நாங்களும் வாங்குவோம்ங்கிறதுதான் வாதம். ஃபலாஃபெலை லெபனானுக்கு மட்டும் பட்டா போட எகிப்துக்காரனும் பாலஸ்தீனக்காரனும் சிரியாக்காரனும் சும்மா விடுவானா? 2010-ல 10,452 கிலோ ஹம்மஸ் செஞ்சு கின்னஸ்ல பேர் வாங்கினதுதான் மிச்சம். லெபனானோட பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர், அதே எண்ணிக்கையில கிலோ. ஆத்திரத்துக்கும் ஒரு அழகு வேணும்ல.

இஸ்ரேல் பக்கமும் கதை ஒத்தை வரியில முடியாது. எகிப்து, சிரியாவுலேர்ந்து போன யூதர்களுக்கு இது பழகின சாப்பாடுதான். 1950கள்ல அங்க தெருவுல வித்துப் பரப்பினதுல ஏமன்லேர்ந்து குடியேறின யூதர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அவங்களும் அன்னைக்குக் கஷ்டப்பட்ட ஜனங்கதான். அவங்க சாப்பிடட்டும், விக்கட்டும். என் கோபம், அந்த மண்ணுல முன்னாடியே இதைப் பொரிச்சுக்கிட்டிருந்த பாலஸ்தீனியர்களைப் பத்தி மூச்சே விடாம, "தேசிய உணவு"ன்னு தபால் அட்டையில கொடி குத்தி வித்தது மேலதான். எங்கேர்ந்து வந்ததுன்னு ஒரு வரி சொன்னா உருண்டை கசந்தா போயிடும்?

அதே மாதிரி "பாரோக்கள் காலத்து உணவு"ன்னு எழுதறதையும் நிறுத்துங்கப்பா. பாரோ சாப்பிட்டாருன்னு எந்த எழுத்துச் சான்றும் கிடையாது. தெளிவான குறிப்புகள் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு அப்புறம்தான். பேரே அரபி ஃபில்ஃபில், அதாவது மிளகுலேர்ந்து வந்ததுன்னுதான் மொழிக்காரங்கள்ல பலர் சொல்றாங்க. அந்த ஃபில்ஃபில் பாரசீகம் வழியா சமஸ்கிருதப் பிப்பலிக்குப் போகும், அதாவது நம்ம நாட்டு மருந்துக்கடைத் திப்பிலி. உடனே "ஃபலாஃபெல் தமிழனோடது"ன்னு ஒரு பதிவு போட்டுறாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். மசால் வடையும் அதுவும் ஒரே யோசனை ரெண்டு இடத்துல தோணினது, அவ்வளவுதான். யாரும் யாருக்கும் அப்பன் இல்லை.

"சாப்பாட்டுல எதுக்குய்யா அரசியல்"னு ஒரு அனானியாவது வந்து கேப்பார். அண்ணே, 2025 ஆகஸ்ட்ல காசா நகரப் பகுதியில பஞ்சம்னு ஐ.நா. ஆதரவு பெற்ற ஐ.பி.சி. அமைப்பு அதிகாரபூர்வமா அறிவிச்சது. சதகுப்பைத் தழையும் பச்சை மிளகாயும் போட்டுக் காரசாரமாச் சமைக்கிற ஊர் அது. அந்த ஜனங்களுக்கு ஒரு கை மாவு கிடைக்காம இருந்த அதே மாசத்துல, இங்க நாம "மத்திய கிழக்கு ஸ்டைல் ஸ்நாக்ஸ்"னு ஊர் பேர் இல்லாம படம் போட்டுக்கிட்டிருந்தோம். அரசியலை நான் கொண்டு வரலை, அது ஏற்கனவே தட்டுல இருக்கு. குறைஞ்சபட்சம் பாலஸ்தீனம், எகிப்து, சிரியா, லெபனான்னு ஊர் பேரையாவது எழுதுங்க. பேரை எழுதிட்டு, கடலையை அவங்க மாதிரி ஊறவும் போடுங்க.

டப்பாக் கடலையை என்ன பண்றதுன்னு கேக்கறீங்களா? ஹம்மஸ் அரைங்க, அதுக்கு வெந்த கடலைதான் வேணும். இல்லை, தேங்காயும் மாங்காயும் போட்டு சுண்டல் தாளிங்க. இன்னைக்கு ராத்திரி வேற கடலையை ஊறப் போட்டுட்டு, நாளைக்குச் சாயங்காலம் பொரிச்சுட்டு வந்து பின்னூட்டத்துல திட்டுங்க, காத்திருக்கேன் :-)

பி.கு. 1: "கடலைக்குப் பதிலா ராஜ்மா போடலாமா"ன்னு யாராவது கேட்டா, தயவுசெய்து வேணாம். சிவப்பு ராஜ்மாவை ஊறவெச்சு அரைச்சு மூணு நிமிஷம் பொரிச்சா அதுல இருக்கிற நச்சு போகாது, வாந்தி பேதி ஆகும். அதைத் தண்ணியில நல்லாக் கொதிக்க வெச்சே ஆகணும்.

பி.கு. 2: எகிப்து முறையில ஃபாவாவுல செய்யறவங்க, வீட்டுல யாருக்காவது ஜி6பிடி குறைபாடு இருக்கான்னு தெரிஞ்சுக்குங்க. இருந்தா ஃபாவா தொடவே கூடாது, ரத்தச் சிவப்பணு உடைஞ்சு போகும். அவங்களுக்குக் கொண்டைக்கடலைதான்.